டி.சி. வாங்கலாமா வேண்டாமா

சேலத்தில் நான் கல்லூரிக்குப் போனது ஒரு வருடமும் சில வாரங்களும்தான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் காலையில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி இறங்கி, சேலத்தில் இன்னொரு பஸ் பிடித்து, முதல் மணி அடிப்பதற்குள் ஓட வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பி ஏற வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரும் பாவம் என்பார்கள். எனக்கு அது பாவமாக இருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் மஞ்சக்குட்டை உட்கார்ந்திருப்பாள்.

அது அவள் ஊரின் பெயர். கணிதத் துறையில் எங்கள் வகுப்புக்கு மலையிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்டுவிட்டோம். அன்றிலிருந்து நான் அவளுக்கு வெள்ளக்கடை, அவள் எனக்கு மஞ்சக்குட்டை. என் அம்மா காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர். அவள் அம்மாவும் அப்படித்தான், வேறு எஸ்டேட்டில். என் அப்பா ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். அவள் ஊர் வரைக்கும் போய் வருவது அவருடைய ஜீப்தான் என்பதால், எங்களுக்கு முன்பே எங்கள் குடும்பங்களுக்குள் பழக்கம் இருந்தது.

பஸ்ஸில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு வளைவில் ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும். அடுத்த வளைவு வருவதற்குள் மற்றவள் விடை சொல்லியாக வேண்டும். பேப்பர், பேனா கூடாது. முன்னூற்று இருபத்து மூன்று பகா எண்ணா? இல்லை, பதினேழைப் பத்தொன்பதால் பெருக்கினால் வரும். இப்படிச் சின்னதாக ஆரம்பித்து, வருடக் கடைசியில் ஒரு கேள்விக்கு ஐந்தாறு வளைவுகள் தேவைப்படுகிற அளவுக்கு முற்றிவிட்டது. ஒரு தடவை கண்டக்டர் பின்னாலிருந்து, "ஏனுங்க அம்முணிகளா, பதில் கெடைச்சுதுங்களா? கெடைக்கலீன்னா டிரைவர மெதுவாப் போகச் சொல்றேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பெங்களூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவிப்பைக் கண்டுபிடித்தது மஞ்சக்குட்டைதான். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்தபோது நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கக்கூட நினைத்ததில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் காலியாகும் சில இடங்களுக்கு, வேறு கல்லூரியில் முதலாண்டு முடித்தவர்கள் தேர்வு எழுதலாம் என்று போட்டிருந்தது.

"நான் எழுதப் போறேன். தொணைக்கு நீயும் எழுது புள்ள" என்றாள்.

"எனக்கு இங்கயே நல்லாத்தான இருக்குது?"

"எழுதறதுக்கு என்ன? எழுதிப் பாரு."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு இரண்டு விண்ணப்பங்களையும் அவளே தன் போனில் நிரப்பினாள். என் ஆதார் எண், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போனது. நான் பக்கத்தில் நின்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டேன். அவ்வளவுதான் என் ஆர்வம் அப்போது.

தேர்வு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் நடந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. நான் கடைசி ஐந்து கேள்விகளைத் தொடவேயில்லை என்று சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

முடிவு வந்தபோது இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் வீட்டில் சிக்னல் வராது. எஸ்டேட் ரோட்டில் கொஞ்சம் மேலே ஏறி, ஒரு திருப்பத்தில் நின்றால்தான் கிடைக்கும். அங்கே நின்று பார்த்தேன். தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்று இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாக அவளுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம் என்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கிடைக்காமல் எனக்கு மட்டும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கு வெயிட்டிங் லிஸ்ட். நாலாவது" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உனக்கு?"

"இன்னும் பாக்கல. பக்கமே ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. திங்கட்கிழமை கேட்டாள், ஓப்பன் ஆகவில்லை என்றேன். செவ்வாய்க்கிழமை கேட்டாள், அதையே சொன்னேன். வீட்டிலும் சொல்லவில்லை.

புதன்கிழமை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் குப்பனூர் வழியாகப் போயிற்று. அந்த வழி எங்களுக்குப் பழக்கமில்லாதது. வளைவுகளை எண்ணுகிற விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சைட் இன்னும் ஓப்பன் ஆகலியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எனக்கு ஆச்சு."

தன் போனை என் மடியில் வைத்தாள். அதில் என் பதிவு எண் இருந்தது. என் முடிவு இருந்தது.

"உன்ற பாரத்த நெரப்புனது நாந்தான். மறந்துட்டியா?"

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். "உனக்குக் கஷ்டமா இருக்குமுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"கஷ்டமாத்தான் இருக்குது. நொம்பக் கஷ்டமா இருக்குது. மூணு நாளாச் சோறு எறங்கல. ஆனா அது என்ற கஷ்டம். அதுக்காக நீ எதுக்குப் பொய் சொல்ற? நான் என்ன, உனக்குக் கெடைச்சா வயிறெரியற ஆளா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீ இல்லாம நான் எப்படிப் போறது?"

"நான் இல்லாமத்தான் போவோணும். லிஸ்ட்டுல அப்படித்தான போட்டிருக்குது."

குப்பனூரில் பஸ் நின்றபோது எழுந்து முன்னால் காலியாக இருந்த ஒற்றை இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஒன்பது நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், நோட்டைக் கேட்டால் கொடுத்தாள், ஆனால் பேசவில்லை. அப்படிப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பேசாமல் இருப்பதைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று அந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்டேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். உதவித்தொகை உண்டு, கட்டணம் பெரிய தொல்லையாக இருக்காது என்பதையும் சொன்னேன். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவர் சந்தேகம் வேறு.

"ஏங்கண்ணு, இங்க நீதான மொத மார்க்கு?"

"ஆமாங்கப்பா."

"வாத்தியாருங்க திட்டறாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் நல்லா ஓடிட்டிருக்கற வண்டிய எதுக்கு நடு வழியில நிறுத்தி வேற வண்டியில ஏறோணுங்கற?"

அம்மா குறுக்கே வந்தார். "ஏனுங்க, நீங்க மூணு ஜீப்பு மாத்துலீங்களா?"

"அது வண்டி ரிப்பேரு. இதுல என்ன ரிப்பேரு? அதச் சொல்லு கண்ணு, கேட்டுக்கறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் கல்லூரியில் குறை சொல்ல என்ன இருக்கிறது? துறைத்தலைவர் மேடம் நன்றாகப் பாடம் எடுப்பார். வகுப்பில் அறுபது பேர் இருந்தோம். பாடத்திட்டம் பெரிது, நாட்கள் குறைவு. மேடம் போர்டில் எழுதுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம், தேர்வில் அதைத் திருப்பி எழுதுவோம். நான் அதில் கெட்டிக்காரி. அதனால்தான் முதல் மதிப்பெண். இதை எல்லாம் ஒரு குறையாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"போயிப் பாத்துட்டுத்தான் வாங்களேன்" என்றார் அம்மா. "சீல எடுக்கறதுன்னாலும் விரிச்சுப் பாத்துத்தான எடுக்கறோம்."

தேர்வானவர்கள் ஒரு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அப்பா ஜீப்பைத் தன் நண்பரிடம் ஒப்படைத்தார். சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பெங்களூர் போனோம். மலையில் எதிரே லாரி வந்தால் ஒற்றைக் கையால் ஜீப்பை ஒடித்து ஓரம் ஒதுங்குகிற என் அப்பா, அங்கே ஒரு ரோட்டைக் கடப்பதற்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாதி தூரம் போனதும் திரும்பலாமா என்று கேட்டார். அதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் வந்துவிட்டதால் திரும்பவும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே கடந்தோம்.

பல்கலைக்கழகத்தில் ஒருவர் என் பெயரைச் சரிபார்த்து, மதியம் இரண்டு மணி வகுப்புக்குப் போகச் சொன்னார். அப்பாவை வகுப்புக்குள் விட மாட்டார்கள். "நீ போ சாமி, நான் இப்படியே சுத்திப் பாத்துட்டிருக்கறேன்" என்றார்.

வகுப்பில் இருபது பேருக்கும் குறைவாகத்தான் இருந்தார்கள். பேராசிரியர் நாற்பது வயதுக்காரர், கையில் நோட்டு எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் முதல் பாதி எனக்குப் பாதிதான் புரிந்தது. பன்னிரண்டாவது வரை நான் தமிழில் படித்தவள். அவர் ஆங்கிலத்தின் வேகத்துக்கு என் காது ஓட வேண்டியிருந்தது. பிறகு திடீரென்று பாடத்தை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அடுத்தடுத்து வரும் மூன்று இயல் எண்களைப் பெருக்கினால், அந்தப் பெருக்கற்பலன் எப்போதாவது ஒரு வர்க்க எண்ணாக வருமா? நான்கு, ஐந்து, ஆறு பெருக்கினால் நூற்றிருபது. அது வர்க்கம் இல்லை. வேறு எங்காவது வருமா, வராதா? வராது என்றால் ஏன்?

கேட்டுவிட்டுப் போய் முன் வரிசை பெஞ்சில் மாணவர்களோடு உட்கார்ந்துகொண்டார். ஒரு பையன் எழுந்து போர்டுக்குப் போனான். ஏதோ எழுதினான், சிக்கிக்கொண்டான், அழித்தான், மறுபடி எழுதினான். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் அவனுக்கு ஒரு யோசனை சொன்னாள். அது தவறு என்று இன்னொருவன் சொன்னான். பேராசிரியர் பேசாமல் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விடை தெரிந்துவிட்டது. நடு எண்ணைத் தனியாக எடுத்துவிட்டால் போதும். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் எண்களைப் பெருக்கினால், நடு எண்ணின் வர்க்கத்துக்குச் சரியாக ஒன்று குறைவாக வரும். அதற்கும் நடு எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் மொத்தமும் வர்க்கமாக வேண்டுமென்றால் இரண்டும் தனித்தனியாக வர்க்கமாக இருக்க வேண்டும். ஒரு வர்க்கத்தில் ஒன்று குறைத்தால் இன்னொரு வர்க்கம் எப்படி வரும்? வராது. அவ்வளவுதான்.

கையைத் தூக்கினால் போதும். நான் தூக்கவில்லை. என் ஆங்கிலம் ஒரு வாக்கியத்தில் உடைந்துவிடும் என்று பயந்தேன். விருந்தாளியாக வந்தவள் பேசலாமா என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. மணி அடித்தது. "யோசித்து வையுங்கள், அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது.

வெளியே அப்பாவைக் காணவில்லை. கால் மணி நேரம் தேடினேன். அப்போது வளாகத்துக்குள் ஓடும் பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். டிரைவரிடம் விடைபெற்று இறங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தருமபுரிக்காரருங்கண்ணு. நொம்ப வருசமா இங்க ஓட்டறாராம். நான் மூணு ரவுண்டு அவருகூடயே போனேன். பொம்பளப் புள்ளைங்க ஆஸ்டல காட்டுனாரு. வாசல்ல ஒரு அம்மா இருக்குது, கேட்டுல பேரெழுதாம உடறதில்ல. பரீட்ச அன்னிக்கு லேட்டா ஓடி வர்ற புள்ளைங்களுக்காக இவரு வண்டிய நிறுத்தி வெப்பாராம்."

"அப்படிங்களாப்பா?"

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. இங்க பசங்க எறங்கறப்ப டிரைவருக்கு நன்றி சொல்லிட்டு எறங்குது. நான் ஒரு ஸ்டாப்புல எண்ணுனேன். பன்னெண்டு பேரு எறங்குனாங்க, ஒம்பது பேரு சொன்னாங்க. நான் இத்தன வருசமா ஓட்டறேன், எனக்கு எவன் சொன்னான்?" போகிற பஸ்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நீ இங்கயே படி சாமி. நல்ல எடம்."

நான் தலையை ஆட்டினேன். திரும்பி வரும்போது ஓசூர் தாண்டிய பிறகுதான், "வேண்டாம்னு தோணுதுங்கப்பா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வேண்டாமுன்னப்ப நீ வேணுமுன்ன. நான் வேணுமுங்கறப்ப நீ வேண்டாங்கற. என்ன கண்ணு இது?"

"பயமா இருக்குதுங்க. அங்க நான் கடைசியா வருவேன்."

அவர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் மதிப்பெண் வாங்குகிறவளாகவே இருந்து பழகிவிட்டேன். அதை விட்டுவிட்டு அங்கே போனால் நான் யார் என்று யோசித்தேன். அதோடு முதலாண்டில் நான் படித்த ஒரு பாடத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை மறுபடியும் ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அதுவும் உறுத்தியது.

மறுநாள் காலை பஸ்ஸில் மஞ்சக்குட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானாகவே பேசினேன்.

"நேத்துப் போயிட்டு வந்தேன்."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அங்க ஒரு கேள்வி கேட்டாங்க. மூணு எண்ணு அடுத்தடுத்து இருக்குது. பெருக்கினா வர்க்கமா வருமா?"

அவள் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வளைவுகள் போயின. நான்காவது வளைவில், "வராது. நடு எண்ணத் தள்ளி வெச்சுட்டாப் போதும்" என்றாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னியா?"

"தெரிஞ்சுது. சொல்லல."

"ஏன்?"

"பயம்."

"அடிப்பாவி! அத்தன தூரம் போயி, விடையும் தெரிஞ்சு, வாய மூடிட்டு வந்தியா?" அவள் கோபத்தில் என் கையைக் கிள்ளினாள். ஒன்பது நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் காட்டிய முதல் பிரியம் அது. "சேலத்துல கேட்டா சொல்லியிருப்பியா?"

"சேலத்துல இந்த மாதிரி கேக்கறதுக்கு நேரமே இருக்காதே."

அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று எனக்கு அப்போது புரிந்தது. வண்டியில் ரிப்பேர் எதுவும் இல்லை. நான் போக நினைக்கிற இடத்துக்கு அந்த வண்டி போகாது, அவ்வளவுதான்.

"நான் போகாம இருந்தா உனக்குக் கெடைக்குமா?" என்று கேட்டேன். அதுதான் பல நாளாக என் மனதில் கிடந்தது.

"கணக்குப் படிக்கறவ கேக்கற கேள்வியா இது? நான் நாலாவது. நீ போகலீன்னா மூணாவது ஆவேன். எனக்கும் கெடைக்காது, உனக்கும் போயிரும். மொத்தத்துல மலைக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு?"

"எனக்கு என்ன? முதுகலைக்கு எழுதுவேன். ரெண்டு வருசம் இருக்குது. இந்தத் தடவ கடைசி அஞ்சு கேள்விய உட்டுருவேன்." தன் தவறை அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் டி.சி. வாங்கப் போனோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் சேலத்தில் என் இடம் போய்விடும். பெங்களூர் பிடிக்கவில்லை என்று திரும்பி வர முடியாது. அதற்கு முதலில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். மஞ்சக்குட்டை கதவருகே நின்றாள். நான் உள்ளே போய்த் தாளை மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எங்ககிட்ட என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"தேர்வு எழுதப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கெடைக்காதுன்னு நெனச்சோமுங்க. சொல்லிட்டுக் கெடைக்கலீன்னா வெக்கமா இருக்குமுன்னு..."

அவருக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை. மேஜை மேலிருந்த எங்கள் வகுப்புப் பட்டியலை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "நான் உன் வயசுல இருந்தப்ப இப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு கதவைப் பார்த்து, "நீயும் போறியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். எனக்குக் கெடைக்கல" என்றாள் மஞ்சக்குட்டை.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் போயிட்டா நான் யாரை நம்பிப் பாடம் எடுக்கிறது?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

அலுவலகத்தில் கிளார்க் பெரிய ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார். "எழுதிட்டா அழிக்க முடியாதும்மா. நல்லா யோசிச்சாச்சா? போன வருசம் ஒரு பையன் வாங்கிட்டுப் போயி, ஒரே மாசத்துல இங்க வந்து நின்னான். ஒண்ணும் பண்ண முடியல."

"அஞ்சு நிமிசங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் கடைசிவரை நடந்தேன். மஞ்சக்குட்டை பின்னால் வரவில்லை. அவள் என்னைத் தள்ளிவிடவும் இல்லை, பிடித்து நிறுத்தவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. அந்த வராந்தாவில் நின்றபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்தப் போர்டின் முன்னால் சிக்கிக்கொண்டு நின்ற பையன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. தவறாக எழுதினவன் மேல் பொறாமை. சரியான விடையோடு உட்கார்ந்திருந்த நான் அவனாக இருக்க ஆசைப்பட்டேன்.

உள்ளே போய், "எழுதுங்க சார்" என்றேன்.

முதல் பருவம் நான் நினைத்ததைவிட மோசமாகத்தான் போனது. நிஜமாகவே கடைசியாக வந்தேன். ஒரு தேர்வில் தேறவில்லை. ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்த பாடத்தில் மட்டும் நல்ல மதிப்பெண் வந்தது. வகுப்பில் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. பேசிய அன்று நான் சொன்னது தவறான விடை. பேராசிரியர், "நல்ல தவறு, இதை எல்லோரும் பாருங்கள்" என்று போர்டில் எழுதினார். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து, தப்பாகச் சொன்னேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பாச் சொன்னதுக்கா இந்த ஆட்டம்? சரி, சாப்புட்டியா?" என்று கேட்டார். இரண்டாம் பருவத்தில் எல்லாவற்றிலும் தேறினேன். அதற்குப் பிறகு திரும்பிப் போவதைப் பற்றி நினைக்கவில்லை. பட்டம் முடித்து, இப்போது அங்கேயே முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நான் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அது பழகிவிட்டது.

மஞ்சக்குட்டை சேலத்திலேயே பட்டம் முடித்தாள். நான் போன பிறகு வந்த நான்கு பருவங்களிலும் அவள்தான் முதல். முதுகலைக்கு மூன்று இடங்களில் எழுதினாள், மூன்றிலும் கிடைத்தது. என் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. நான் குதித்தேன். அவள் நிதானமாக, "அங்க வேண்டாம் புள்ள. எனக்குப் புடிச்ச பாடம் சென்னைலதான் நல்லா இருக்குது. வாத்தியாருங்க எழுதுனதெல்லாம் தேடிப் பாத்துட்டேன்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு பெருமையாக இருந்தது. நான் பெங்களூர் போனபோது இவ்வளவு தெளிவாகத் தேடிப் பார்த்துப் போகவில்லை.

அவள் சென்னைக்குக் கிளம்பிய அன்று நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். அப்பாவின் ஜீப்பில்தான் எல்லோரும் சேலம் ஜங்ஷனுக்குப் போனோம். அவளுடைய அம்மா ஒரு மூட்டை நிறையச் சாமான் கட்டியிருந்தார். பிளாட்பாரத்தில் வைத்து என்னைத்தான் கேட்டார்.

"ஏங்கண்ணு, நீதான் ஆஸ்டல்ல இருந்தவ. வேற என்ன கொடுத்து உடோணும்?"

"துணி காயப்போடறதுக்கு ஒரு கயிறுங்க. ஒரு நல்ல பூட்டு. மத்தது எல்லாம் அங்கயே வாங்கிக்கலாமுங்க" என்றேன்.

ரயில் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தயக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மொத நாளு மெஸ்ஸுல யாருகூட உக்காந்து சாப்புட்ட?"

"யாருகூடயும் இல்ல. தனியாத்தான்."

"ரெண்டாம் நாளு?"

"தனியாத்தான். மூணாம் நாளு ஒடிசாக்காரப் பொண்ணு ஒருத்தி தட்டத் தூக்கிட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்தா."

"அவளா வந்தாளா?"

"அவளாத்தான் வந்தா. உப்பு வேணுமுன்னு கேட்டா."

மஞ்சக்குட்டை கொஞ்சம் யோசித்தாள். "நான் மொத நாளே யாருகிட்டயாச்சும் உப்புக் கேட்டுருவேன்" என்றாள். ரயில் மெல்ல நகர ஆரம்பித்தது. அவளுடைய அம்மா ஜன்னல் கூடவே நடந்துகொண்டு பூட்டுச் சாவியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவள் பையைத் துழாவிச் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.